கரப்பான் புராணம்

நமது தேசத்தில் தலபுராணம் இல்லாத மலை இல்லை, நதி இல்லை, ஆலமரம் அரசமரங்கூட இல்லை எனலாம். ஆனால், நாம் குடியேறுவதற்கு முன்பே நம் வீட்டுச் சமையலறையில் குடியேறி, நாம் காலி செய்துகொண்டு போன பின்னும் அங்கேயே இருந்து, அடுத்த குடித்தனக்காரரை மீசையை ஆட்டி வரவேற்கிற ஒரு பிராணிக்கு யாரும் புராணம் பாடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. கரப்பான் பூச்சியைத்தான் சொல்லுகிறேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய நம் மேற்குப் புறநகர்களில் வசிக்கும் நேயர்களுக்கு இந்தப் பிராணியை நான் அறிமுகம் செய்து வைக்க வேண்டிய அவசியமில்லை. இரவு பதினோரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து, சமையலறையில் விளக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் அனைவரும் அதனுடைய நெருங்கிய நண்பர்களே.

1955-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ மாதிரியான சமுதாயத்தை அமைப்பதே லட்சியம் என்று தீர்மானம் நிறைவேற்றியது. கரப்பான் பூச்சியோ அந்தத் தீர்மானத்தைப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அநுஷ்டானத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. ஏழடுக்கு மாளிகையும் ஓட்டு வீடும் அதற்கு ஒன்றே. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. மாளிகையில் கரப்பான் சமையலறையோடு நின்றுவிடும். அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில் உள்ள வீட்டில், அது உறங்கும் குழந்தையின் முகத்தின் மேலேயே நடக்கும். ஆகவே இதை வெறும் அருவருப்பு விஷயமாக எண்ணி மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிச் செல்வதற்கில்லை. குழந்தைகளின் மூச்சையும், சில சமயங்களில் உயிரையுமே தொடுகிற சமாசாரம் இது.

பூர்வோத்தரம்

முதலில் இதன் கோத்திர சூத்திரங்களைப் பார்ப்போம். நம் பக்கத்து வீடுகளில் முக்கியமாக இரண்டு வகைகள் உண்டு. ஒன்று, சாக்கடையிலிருந்தும் கழிவறையிலிருந்தும் வருகிற செம்பழுப்பு நிறமுள்ள பெரிய கரப்பான். ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளமிருக்கும்; கோடை இரவுகளில் சில சமயம் பறந்துவந்து வீட்டாரைக் கதிகலங்க அடிக்கும். மற்றொன்று, ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேற்படாத சிறு கரப்பான். தலைக்குப் பின்னால் இரண்டு கரிய கோடுகள் இருப்பதைக் கொண்டு இதனை அடையாளம் கண்டுகொள்ளலாம். இது சாக்கடைவாசியன்று. மிக்ஸியின் அடிப்பாகம், குளிர்பதனப் பெட்டியின் மோட்டார், எரிவாயு அடுப்பின் கீழ்ப்புறம், அலமாரிக் கதவின் கீல் முதலியவையே இதற்கு வாசஸ்தலங்கள்.

பெரியதற்கு 'அமெரிக்கக் கரப்பான்' என்றும், சிறியதற்கு 'ஜெர்மன் கரப்பான்' என்றும் சாஸ்திரப் பெயர் வழங்கி வருகிறது. இவ்விரு பெயர்களும் பொய்ப் பெயர்கள் என்பதுதான் வேடிக்கை. பெரியதை 1758-இல் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் என்ற பேரறிஞர் அமெரிக்காவின் பெயரால் அழைத்தார். ஆயினும் அதன் பிறப்பிடம் ஆப்பிரிக்கா என்றும், கப்பல்களில் ஏறியே அது அமெரிக்கா போய்ச் சேர்ந்ததென்றும் பிற்காலத்து விஞ்ஞானிகள் கூறுகிறார்கள்.

சிறியதன் கதை இன்னும் சுவாரஸ்யமானது. அதற்கும் லின்னேயஸ்தான் 1767-இல் ஜெர்மானியப் பெயர் சூட்டினார். ஆனால் ஜெர்மனியில் காட்டிலோ வயலிலோ அந்த ஜாதியைக் காண முடியாது. மனிதருடைய வீட்டில் மட்டுமே காணலாம். அப்படியானால் அதன் சொந்த ஊர் எது? 2024-ஆம் ஆண்டில் இதற்கு விடை கிடைத்தது. ஆறு கண்டங்களில் 17 தேசங்களிலிருந்து 281 கரப்பான்களைச் சேகரித்து, அவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்த விஞ்ஞானிகள், சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியாவிலோ பர்மாவிலோ வயல்வெளியில் வாழ்ந்த ஆசியக் கரப்பானிலிருந்து இது பிரிந்து, மனிதர் வீட்டுக்குள் புகுந்தது என்று கண்டார்கள். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் வணிகர்களோடும் படைகளோடும் மேற்கே அரபு நாடுகளுக்குச் சென்றதாம். சுமார் 390 ஆண்டுகளுக்கு முன், கிழக்கிந்தியக் கம்பெனிகள் கொழித்த காலத்தில், கிழக்கே இந்தோனேஷியத் தீவுகளுக்குப் போயிற்றாம். ஐரோப்பாவை அடைந்தது ஏறக்குறைய 270 ஆண்டுகளுக்கு முன்னர்தான். அதற்குள் லின்னேயஸ் கையில் அகப்பட்டு, ஜெர்மானியப் பிரஜையாகப் பதிவு செய்யப்பட்டுவிட்டது!

ஆகவே, நேயர்களே, வெள்ளைக்காரன் நமக்கு அனுப்பிய பண்டங்களின் ஜாபிதாவில் இந்தச் சிறு கரப்பானைச் சேர்க்க வேண்டாம். இது வங்காள விரிகுடாக் கரையிலிருந்து உலகமெல்லாம் திக்விஜயம் செய்த அசல் சுதேசிச் சரக்கு. எல்லாச் சுதேசிச் சரக்கையும் ஆதரிக்க வேண்டும் என்ற விதிக்கு இது ஒரு விலக்கு என்று வைத்துக்கொள்வோம்.

நம் ஊரில் ஏன் இவ்வளவு?

நமது புறநகர்கள் ஏரிகளின் பூமி. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்குத் தெற்கே செம்பரம்பாக்கம் என்று ஏரியும் வயலுமாக இருந்த பிரதேசத்தில், 1960-களில் தொழிற்பேட்டையும் பீரங்கி வண்டித் தொழிற்சாலையும் தோன்றின. அவற்றின் பின்னால் குடியிருப்புகள் பெருகின. மனிதர்கள் வந்த வேகத்துக்குச் சாக்கடை வரவில்லை. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019-இல் ஆவடியே ஒரு மாநகராட்சியாயிற்று. எனினும் பாதாளச் சாக்கடை வந்த தெருவும், வராமல் செப்டிக் தொட்டியையே நம்பியிருக்கும் தெருவும் இன்றும் அடுத்தடுத்து உள்ளன. ஈரமும் இருட்டும் வெதுவெதுப்பும் உள்ள செப்டிக் தொட்டி, பெரிய கரப்பானுக்கு வைகுண்டத்துக்குச் சமானம். பெருமழை பெய்து தொட்டி நிரம்பினால், உள்ளே இருக்கும் படை முழுவதும் குழாய் வழியாக வீட்டுக்குள் ஏறி வந்துவிடும். 2015-ஆம் வருஷத்து வெள்ளத்தில் இதைக் கண்ணால் கண்டவர்கள் நம்மில் பலர்.

சிறு கரப்பான் வருகிற வழி வேறு. அது நடந்து வருவதில்லை; நாமே சுமந்துகொண்டு வருகிறோம். கோயம்பேட்டிலிருந்து காய்கறி வந்த அட்டைப் பெட்டி, மளிகைக் கடைப் பெட்டி, பழைய விலைக்கு வாங்கிய குளிர்பதனப் பெட்டி, வீடு மாறும்போது கட்டிய மூட்டை ஆகிய இவைதாம் அதன் வாகனங்கள். ஒரே ஒரு சூல் கொண்ட பெட்டை வந்தால் போதும். ஒரு முட்டைப்பையில் 30 முதல் 40 வரை முட்டைகள் இருக்கும். பொரியும் தறுவாய் வரையில் அந்தப் பையைத் தன் உடலோடு தூக்கிக்கொண்டே திரியும். குஞ்சுகள் இரண்டு மூன்று மாதத்தில் பருவமடைந்து தாமும் பை சுமக்கத் தொடங்கிவிடும். இந்தப் பெருக்கத்தின் கணக்கைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் போட்டுப் பார்க்கச் சொன்னால், அன்று வகுப்பில் ஒருவருக்கும் சாப்பாடு இறங்காது.

தீமை எவ்வளவு?

கரப்பான் கடித்து மாண்டவர் இல்லை. விஷமும் அதற்கு இல்லை. அப்படியானால் ஏன் அஞ்ச வேண்டும்? காரணங்கள் இரண்டு. சாக்கடையில் நடந்த காலோடு அப்பளத்தின் மேலும், குழந்தையின் பால் புட்டியின் மேலும் நடப்பதால், வயிற்றுப் போக்கு முதலியவற்றுக்குக் காரணமான கிருமிகளை அது சுமந்து வரக்கூடும். இது பலர் அறிந்தது.

இரண்டாவது காரணத்தை அறிந்தோர் சிலரே. கரப்பானின் எச்சமும், உமிழ்நீரும், உரித்துப்போட்ட தோலும் உலர்ந்து தூளாகி வீட்டுத் தூசியில் கலக்கின்றன. அந்தத் தூசியைச் சுவாசிக்கிற குழந்தைகளில் சிலருக்கு அது ஒவ்வாமையை உண்டாக்கி ஆஸ்துமாவைக் கிளப்பிவிடுகிறது. அமெரிக்க நகரங்களின் எட்டு ஏழைப் பகுதிகளில் ஆஸ்துமாவினால் வருந்திய 476 குழந்தைகளைப் பரிசோதித்து, 1997-இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அக்குழந்தைகளில் நூற்றுக்கு 37 பேருக்குக் கரப்பான் ஒவ்வாமை இருந்தது. ஒவ்வாமையும் இருந்து, படுக்கையறைத் தூசியில் கரப்பான் தூளும் மிகுந்திருந்த குழந்தைகள், மற்றவர்களைப்போல மும்மடங்குக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட நேர்ந்தது. வகுப்பறையில் மார்கழி மாதத்தில் மூச்சிரைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நான் பார்க்கும்போது, பனியை மட்டும் நொந்துகொள்வதில்லை. அவன் வீட்டு அடுப்பங்கரையும் என் நினைவுக்கு வருகிறது.

தெளிப்பானின் தோல்வி

இத்தகைய சத்துருவை ஒழிக்க நாம் செய்வது என்ன? கடைக்குப் போய் ஒரு தெளிப்பான் டப்பா வாங்கி வருகிறோம். மூலை முடுக்கெல்லாம் அடிக்கிறோம். நாலு கரப்பான்கள் மல்லாந்து விழுகின்றன. வெற்றி முழக்கம் செய்கிறோம். ஒரு மாதத்தில் நாற்பது வருகின்றன!

இதன் ரகசியம் யாதெனில், தெளித்த இடத்தில் இருக்கிறவை மட்டுமே சாகின்றன. மற்றவை நெடி தாங்காமல் சுவர் இடுக்குக்குள்ளும், பக்கத்து வீட்டுக்குள்ளும் கலைந்து ஓடுகின்றன. அன்றியும், மருந்தில் தப்பிப் பிழைத்தவற்றின் சந்ததி அந்த மருந்துக்கு அடங்காததாகவே பிறக்கிறது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் குளோர்டேன் என்ற மருந்துக்குச் சிறு கரப்பான் அசைந்து கொடுக்காததை 1952-இலேயே கண்டார்கள். பிறகு சர்க்கரைச் சத்தான குளூக்கோஸைக் கலந்து நஞ்சு உருண்டை செய்து வைத்தார்கள். சில ஆண்டுகளில், குளூக்கோஸே கசக்கிற கரப்பான் வம்சம் ஒன்று தோன்றிவிட்டது! 1993-இல் இது தெரியவந்தது. இனிப்பைக் கசப்பாக உணரும்படி அவற்றின் நாவுணர்ச்சியே மாறியிருப்பதை 2013-இல் நிரூபித்தார்கள். முப்பது கோடி ஆண்டுகளுக்கு முந்திய மூதாதையரைக் கொண்ட குலம் அது. நாம் நேற்றுப் பிறந்தவர்கள்.

இந்தப் பாடத்தை நம் தேசம் கொசுவினிடம் பெருஞ்செலவில் கற்றுக்கொண்டது. சுதந்தரம் வந்த 1947-இல் இந்தியாவில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா வருவதாகவும், எட்டு லட்சம் பேர் மடிவதாகவும் மதிப்பிட்டிருந்தார்கள். 1953-இல் தேசிய மலேரியாத் தடுப்புத் திட்டம் தொடங்கி, வீடுவீடாக டி.டி.டி. தெளித்தார்கள். 1960-களின் மத்தியில் நோயாளிகளின் தொகை ஒரு லட்சம் அளவுக்கு இறங்கியது. மலேரியா ஒழிந்தது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் கொசு மருந்துக்குப் பழகிக்கொண்டது. மனிதர் கண்காணிப்பைத் தளர்த்தினர். 1976-இல் தொகை 64 லட்சமாக ஏறிவிட்டது. மருந்து ஓர் ஆயுதமே அன்றி அரண் அல்ல என்பது இதனால் விளங்கும்.

மருந்தே நமனாகும்போது

பூச்சிக்கு அஞ்சி நாம் கையில் எடுக்கும் நஞ்சு, பூச்சியைவிடப் பல மடங்கு கொடியதாக முடிவதுண்டு. 1958-இல் கேரளத்தில், கப்பலில் பூச்சி மருந்தோடு சேர்த்து ஏற்றி வந்த மாவில் அம்மருந்து கசிந்து கலந்தது. அதை உண்டவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தத் துயரத்தின் விளைவாகவே 1968-ஆம் வருஷத்துப் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்தது.

அது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2024 நவம்பரில், பூந்தமல்லிக்குச் சமீபமான குன்றத்தூர்ப் பகுதியில், எலித் தொல்லைக்காக மருந்து வைக்கப்பட்ட ஒரு வீட்டில் இரவு உறங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் உயிரிழந்தன. தாய் தந்தையர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று நம் பக்கத்தில் எத்தனையோ தாய்மார்கள் தங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்திருப்பார்கள்.

ஆகவே சில விதிகளை ஒவ்வொரு குடும்பமும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்:

சட்டப்படி விற்கப்படும் ஒவ்வொரு மருந்தின் மேலும் ஒரு சாய்சதுர முத்திரை இருக்கும். அதன் கீழ்ப் பாதியில் சிவப்பு இருந்தால் மிகக் கொடிய நஞ்சு; மஞ்சள் அதற்கு அடுத்தது; பிறகு நீலம்; பச்சை ஓரளவு சாதுவானது. முத்திரையே இல்லாத பொட்டலத்தையும், தெருவில் கூவி விற்கிற சுண்ணக்கட்டியையும் வீட்டுக்குள் விடலாகாது. சுண்ணக்கட்டி தின்பண்டம்போல் தோன்றுவதால் குழந்தைகள் வாயில் வைத்துவிடும்.

தானியக் கிடங்குகளில் வைக்கிற பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டதும் உயிர்கொல்லும் வாயுவை வெளிவிடும். குடியிருக்கும் வீட்டில் அதற்கு இடமே கிடையாது. யார் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மருந்தடிக்க ஆள் வந்தால், அவரிடம் உரிமச் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். என்ன மருந்து, எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்பதைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் வரும்படி செய்த பிறகே உள்ளே உறங்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், உயிர் நம்முடையது.

மருந்தைக் குளிர்பான புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும். யாரேனும் உட்கொண்டுவிட்டதாகச் சந்தேகம் தோன்றினாலும், உப்பு நீரைப் புகட்டிப் பார்க்காமல், மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 108 வண்டியை அழையுங்கள்.

பிறகு என்னதான் செய்வது?

கரப்பான் நம் வீட்டில் தேடுவது மூன்று: தண்ணீர், உணவு, இடுக்கு. இவற்றுள் தண்ணீரே பிரதானம். சிறு கரப்பான் சோறில்லாமல் ஒரு மாதத்தை ஓட்டிவிடும். தண்ணீரில்லாமல் இரண்டு வாரம் தாங்குவதே கஷ்டம். ஆகவே முதற்காரியம் ஒழுகும் குழாயை அடைப்பது. இரவு படுக்கும் முன் பாத்திரம் துலக்கும் தொட்டியைத் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும். எச்சில் பாத்திரத்தைக் காலையில் துலக்கலாம் என்று போட்டுவைப்பது கரப்பானுக்கு இலை போட்டுப் பரிமாறுவதாகும். குப்பைக்கூடைக்கு மூடி அவசியம்.

இந்த இடத்தில் ஆண்மக்களுக்கு ஒரு வார்த்தை. இரவு பத்து மணிக்கு மேல் சமையலறையைத் துடைத்து மூடுவது மிகவும் அலுப்பான வேலை. அதிகாலையில் எழுந்து இரவு வரையில் உழைத்த மாதரசியின் தலையிலேயே அதையும் சுமத்திவிட்டு, "வீட்டில் கரப்பான் அதிகமாகிவிட்டதே!" என்று குறை கூறுவது நியாயமன்று. ஈரத்துணியைப் பிடிப்பதற்கு ஆண்பிள்ளையின் கையும் போதுமானதே.

இரண்டாவது, இடுக்குகளை ஒழிப்பது. அட்டைப் பெட்டிகளையும் பழைய பத்திரிகைக் கட்டுகளையும் பரணில் சேர்த்து வைக்கக் கூடாது. (இந்தப் பத்திரிகையை மட்டும் பைண்டு செய்து அலமாரியில் வைத்துக்கொள்ளலாம்!) சுவர் வெடிப்புகளைச் சிமெண்டுப் பூச்சால் அடைக்க வேண்டும். சாக்கடைத் துவாரங்களுக்குச் சல்லடை மூடியும், செப்டிக் தொட்டியின் காற்றுக் குழாய்க்கு வலையும் போட வேண்டும். வலை போட்டால் கரப்பானோடு கொசுவும் தடைப்படும். அலமாரி மூலைகளில் மிளகுத்தூள் சிந்தினாற்போலக் கரும்புள்ளிகள் தென்பட்டால், அவை கரப்பானின் எச்சம். அந்த வாசனையை மோப்பம் பிடித்தே மற்றவை அங்கே கூடுகின்றன. சோப்பு நீரால் அதை நன்றாகத் துடைத்துவிட்டால், அவற்றின் பொதுக்கூட்டம் கலைந்துவிடும்.

மூன்றாவது, பொறுமையான நஞ்சு. கேரம் பலகையில் தூவுகிற போரிக் பவுடரை எல்லோரும் அறிவார்கள். அதையும் கோதுமை மாவையும் சர்க்கரையையும் சேர்த்துச் சிறிது பால் விட்டுப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருண்டைகளாக்கி, இடுக்குகளில் வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் நெடுநாளாக உண்டு. நல்ல வழக்கமே அது. தின்ற கரப்பான் உடனே சாகாமல் தன் கூட்டத்துக்குத் திரும்புகிறது. அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்கிற குஞ்சுகளும் பிறகு மடிகின்றன. கடையில் விற்கும் களிம்பு மருந்துகளும் இதே தந்திரத்தைக் கையாளுகின்றன. பொட்டுப் பொட்டாக இடுக்கில் வைத்தால் போதும். களிம்பு வைத்த இடத்தில் தெளிப்பானை அடிக்கக் கூடாது. நெடிக்குப் பயந்து கரப்பான் அந்தப் பக்கமே வராது. போரிக் உருண்டையும் நஞ்சுதான் என்பதை மறவாமல், தவழும் குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பாருங்கள்.

ஒரு வகைச் சப்த யந்திரத்தை மின்சாரச் சுவிட்சில் செருகினால் பூச்சிகள் ஓடிவிடும் என்று விளம்பரம் செய்கிறார்கள். கரப்பான் அந்தச் சங்கீதத்தைச் சட்டை செய்வதில்லை. அந்தக் காசைக் கொண்டு குழாய்க்கு ஒரு வாஷர் வாங்குவது உத்தமம்.

உற்றார் உறவினர்

கறையான் தனி இனம் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 2007-இல் வெளியான மரபணு ஆராய்ச்சி அதுவும் கரப்பான் குலத்தில் பிறந்து, கூட்டுக் குடும்பமாக வாழக் கற்றுக்கொண்ட ஒரு கிளையே என்று நிலைநாட்டியது. திருவேற்காட்டில் கருமாரியம்மன் சந்நிதியில் நாம் பாலும் மஞ்சளும் இட்டு வணங்குகிற புற்றைப் போன்ற புற்றுகளைக் கட்டுவது அந்தக் கறையான்தான். தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்ததாகவும், ராஜராஜன் காலத்தில் எஞ்சியவற்றை மீட்டதாகவும் சைவர்கள் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். உ. வே. சாமிநாதையரவர்கள் ஊர் ஊராக அலைந்து தேடியதும் பூச்சிக்கும் கறையானுக்கும் தப்பிப் பிழைத்த ஏடுகளையே. தமிழ் இலக்கியத்துக்கு அந்நியப் படையெடுப்பைவிட அதிக நஷ்டம் விளைவித்தது ஆறுகால் படையே என்று சொன்னால் பெரிய மிகையாகாது. வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போதே கறையான் தடுப்புச் செய்வதும், மரச்சாமானைச் சுவரை ஒட்டி வைக்காமல் இருப்பதும், சுவரில் மண்கோடு தெரிந்தால் அலட்சியம் செய்யாமல் இருப்பதும் இதற்குரிய பரிகாரங்கள்.

ஏட்டை ஊடுருவித் துளைக்கும் பூச்சிக்கு 'ராமபாணம்' என்று பெயர் வைத்த நம் முன்னோரின் நகைச்சுவையை என்னென்பது! துணியையும் தானியத்தையும் கெடுக்கும் அந்துக்காக வந்தது அந்துருண்டை. அதையே பாச்சை உருண்டை என்றும் சொல்வோம். கைக்குழந்தையின் துணிகளுக்கிடையே மட்டும் அதைப் போடாதீர்கள். சில குழந்தைகளுக்கு அதன் ஆவி இரத்த அணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையைக் கொண்டுவந்துவிடும். வெயிலில் உலர்த்துவதும், உலர்ந்த வேப்பிலையோ வசம்போ இட்டு வைப்பதும் போதும்.

அரிசி வண்டுக்கும் வெயிலே முதல் வைத்தியம். வண்டுக்குச் சும்மா இருக்கத் தெரியாது; காற்று வரும் திசையை நோக்கி நகர்ந்துகொண்டேயிருக்கும். இந்தச் சுபாவத்தைக் கவனித்த கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், துளையிட்ட குழாய்ப் பொறி ஒன்றைச் செய்திருக்கிறார்கள். அதை அரிசிக்குள் செருகிவைத்தால், வண்டுகள் தாமே துளை வழியே புகுந்து அடியில் விழும். மருந்து ஒரு துளியும் வேண்டியதில்லை.

மூட்டைப்பூச்சி ஒழிந்தது என்றிருந்தோம். மருந்துக்கு அசையாத புதிய பரம்பரையாக அதுவும் உலகெங்கும் திரும்பி வந்துவிட்டது. இரத்தமில்லாமல் பல மாதங்கள் காத்திருக்கக்கூடிய தபஸ்வி அது. ஆனால் 50 டிகிரிச் சூட்டில் பிழைக்காது. கொதிநீரில் துணிகளை அலசுவதும், கட்டிலின் மூட்டுகளில் வெந்நீர் ஊற்றுவதுமாகிய பாட்டியின் முறை இன்றும் பலிக்கும்.

டெங்குவைப் பரப்பும் கொசுவோ, சாக்கடையை நாடாமல் நல்ல தண்ணீரையே விரும்புகிற ஆசாரசீலி! அதன் முட்டைகள் காய்ந்த பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தொட்டியையும் குடத்தையும் வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவ வேண்டும்.

நமக்கு நண்பர்களும் உண்டு. பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பவர்கள், பல்லி தின்னும் பூச்சிக்கும் கணக்குப் பார்த்தால் அதனைத் துடைப்பத்தால் அடிக்கமாட்டார்கள். மரகதம்போல் மின்னுகிற குளவி ஒன்று கரப்பானைக் கொட்டி மயக்கி, மீசையைப் பிடித்துக் கன்றை ஓட்டிச் செல்வதுபோலத் தன் வளைக்கு நடத்திச் சென்று, அதன் மேல் முட்டையிடும். சிலந்தியையும் குளவியையும் கண்டவுடன் தெளிப்பானை எடுப்பவர் தம் படைவீரரையே சுடுகிறவர்.

தெருவும் வீடும்

கடைசியாக ஒரு விஷயம். அடுத்தடுத்த வீடுகளும் பொதுச் சுவர்களும் உள்ள நம் தெருக்களில், ஒரு வீட்டார் மட்டும் கரப்பானை ஒழிக்க முடியாது. இங்கே துரத்தினால் அங்கே போகும். அங்கே துரத்தினால் இங்கே வரும். பத்துக் குடித்தனங்கள் உள்ள கட்டடத்தில் பத்துப் பேரும் ஒரே வாரத்தில் உருண்டை வைத்து, ஒரே வாரத்தில் குழாய்களைச் செப்பனிட்டுச் சல்லடை மூடி போட்டால்தான் பலன் காணலாம். வாடகைக்கு இருப்பவர் குழாயைச் செப்பனிடச் சொல்லிக் கேட்டால், வீட்டுக்காரர் அதைத் தயவாகக் கருதாமல் கடமையாகக் கருத வேண்டும்.

சென்னை மாகாணத்தில் 1939-ஆம் வருஷத்திலேயே பொதுஜன சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. ராஜாஜி முதன்மந்திரியாகவும், டாக்டர் தி. சே. சௌ. ராஜன் சுகாதார மந்திரியாகவும் இருந்த காலம் அது. இந்தியாவிலேயே இவ்வகையில் முதற்சட்டம் என்பது நமக்குப் பெருமை. சாக்கடைக்கும் கொசு ஒழிப்புக்கும் அதில் தனி அத்தியாயங்கள் உண்டு. இன்றும் அந்தச் சட்டம் அமுலில் இருக்கிறது. தெருச் சாக்கடை உடைந்து கிடந்தால், அதைச் சரி செய்யக் கோரி நகராட்சிக்கு மனுச் செய்வது பிச்சை கேட்பதாகாது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நமக்கு உள்ள உரிமை. ஒருவர் எழுதினால் கடிதம். தெருவார் ஐம்பது பேர் கையெழுத்திட்டால் அது கோரிக்கை.

சாக்கடை அடைத்துக்கொண்டால் அதைத் திறக்கப் பாதுகாப்புச் சாதனங்களின்றி மனிதரை இறக்குவது 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவூட்டுகிறேன். நம் வீட்டுக் கரப்பானைப் பார்த்து முகம் சுளிக்கிற நாம், ஆயிரம் கரப்பான் மொய்க்கும் குழிக்குள் இன்னொருவரை இறங்கச் சொல்வது எந்த தர்மத்திலும் சேராது. யந்திரம் வரும் வரையில் காத்திருக்கலாம்.

இவ்வளவும் செய்தால் கரப்பான் அடியோடு ஒழிந்துபோகுமா என்று நேயர்கள் கேட்கலாம். ஒழியாது. மனிதர் உள்ள வரையில் அதுவும் இருக்கும். ஆனால் நம் குழந்தைகளின் தட்டிலும் படுக்கையிலும் மூச்சிலும் அதற்குப் பங்கில்லாமல் செய்துவிடலாம். அதற்கு வேண்டியவை ஓர் ஈரத்துணி, நாலு உருண்டை மாவு, ஒரு வாஷர், பக்கத்து வீட்டாரோடு ஒரு மாலை நேரப் பேச்சு. இன்றிரவே ஆரம்பிக்கலாம்.